ஒரு விளையாட்டு, இரண்டு உரிமங்கள்: டெட்ரிஸ் வழக்கின்வழிக் காணொளி விளையாட்டு வெளியீட்டின் உரிம முறைமை

ஆய்வுச்சுருக்கம்

காணொளி விளையாட்டு ஒன்றை வெளியிட முனையும் நிறுவனம் இருவரிடம் இசைவு பெற வேண்டியுள்ளது. படைப்பின் உரிமையாளர் தரும் இசைவு ஒன்று. அப்படைப்பு இயங்கவேண்டிய கருவியின் உரிமையாளர் தரும் இசைவு மற்றொன்று. இவை ஒன்றையொன்று சாராதவை. ஒன்றைப் பெற்றதனால் மற்றொன்று கிடைத்துவிடுவதில்லை. முன்னதைப் படைப்புரிமம் என்றும் பின்னதைத் தளவுரிமம் என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. சோவியத் நாட்டில் 1984இல் தோன்றிய டெட்ரிஸ் விளையாட்டின் உரிம வரலாற்றையும், 1989இல் அதனையொட்டி அமெரிக்க நீதிமன்றத்தில் எழுந்த வழக்கையும் சான்றாகக் கொண்டு, இவ்விரு உரிமங்களும் செயற்படும் முறையை இது விளக்குகிறது. ஒப்பந்தத்தில் இடம்பெறும் ஊடக வரையறையே உரிமத்தின் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்பதும், அவ்வரையறையை எழுதும் இடத்தில் படைப்பாளி பெரும்பாலும் இருப்பதில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, படைப்புரிமம், தளவுரிமம், பதிப்புரிமை, துணை உரிமம், டெட்ரிஸ், நிண்டெண்டோ

முன்னுரை

நூல் ஒன்றை வெளியிடும் பதிப்பாளர் நூலாசிரியரிடம் இசைவு பெற்றால் போதும். தாள் செய்தவரிடமோ, வாசகர் அணியும் கண்ணாடியைச் செய்தவரிடமோ அவர் இசைவு கேட்க வேண்டியதில்லை. இசைத்தட்டு, திரைப்படம் ஆகியவற்றிலும் நெடுங்காலம் இதுவே நடைமுறையாக இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியை விற்றவர் அதில் எந்தப் படம் ஓடலாம் என்று கட்டளையிடவில்லை.

காணொளி விளையாட்டுத் துறையில் நிலை வேறு. விளையாட்டு என்பது ஒரு கணினி நிரல். அந்நிரல் குறிப்பிட்ட ஒரு கருவியில் மட்டுமே இயங்கும் வகையில் எழுதப்படுகிறது. கருவியைச் செய்த நிறுவனம் தன் இசைவின்றி எந்த நிரலும் அதில் இயங்காதவாறு பூட்டிவைக்க முடியும். 1980களின் நடுப்பகுதியிலிருந்து அவ்வாறே பூட்டியும் வைத்துள்ளது. ஆகவே இத்துறையின் வெளியீட்டாளர் இரு வாயில்களைக் கடந்தே சந்தையை அடைகிறார்.

இவ்விரு வாயில்களும் ஒரே விளையாட்டின் பொருட்டு, ஒரே நிறுவனத்திற்கு, ஏறத்தாழ ஒரே காலத்தில் அடைபட்ட நிகழ்வு டெட்ரிஸ் வரலாற்றில் உள்ளது. அமெரிக்காவின் அட்டாரி கேம்ஸ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட டெட்ரிஸ், படைப்புரிமம் செல்லாததாகவும் தளவுரிமம் இல்லாததாகவும் இருந்தது. இருவகை உரிமங்களின் வேறுபாட்டை அறிய இதனினும் தெளிவான சான்று அரிது.

படைப்புரிமத்தின் கூறுகள்

உரிமம் என்பது உடைமையை விற்பதன்று. உடைமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதனைக் குறிப்பிட்ட முறையில் பயன்படுத்தப் பிறருக்கு இசைவளிப்பதாகும். விளையாட்டுத் துறையில் இவ்வாறு இசைவளிக்கப்படும் உடைமைகள் பலவகை. நிரல், ஓவியம், இசை, கதைமாந்தர் ஆகியன பதிப்புரிமையின்பாற் படும். விளையாட்டின் பெயரும் இலச்சினையும் வணிகக்குறியின்பாற் படும். விளையாட்டு வீரர் ஒருவரின் பெயரும் உருவமும் ஆளுமை சார்ந்த தனி உரிமைகளாகக் கருதப்படுகின்றன.

விளையாட்டின் விதிகளைப் பதிப்புரிமை காப்பதில்லை. கருத்தைக் காவாது, கருத்தின் வெளிப்பாட்டை மட்டுமே காக்கும் என்பது பதிப்புரிமையின் அடிப்படை நெறி. எனினும் விதிக்கும் வெளிப்பாட்டிற்கும் இடையிலான கோடு எளிதில் புலப்படுவதன்று. 2012இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், டெட்ரிஸைப் போலவே அமைந்த 'மினோ' என்னும் கைபேசி விளையாட்டைப் பற்றித் தீர்ப்பளித்தபோது இக்கோட்டை வரைய முற்பட்டது. விழும் கட்டங்களை அடுக்கி வரிசையை நிரப்புவது என்னும் விதி எவருக்கும் பொது. ஆனால் 10 கட்ட அகலமும் 20 கட்ட உயரமும் கொண்ட ஆடுகளம், துண்டுகளின் தோற்றம், அவை விழவிருக்கும் இடத்தைக் காட்டும் நிழல் ஆகியன வெளிப்பாட்டைச் சார்ந்தவை என்று அந்நீதிமன்றம் கருதியது. உரிமம் பெறுவோர் விலைகொடுத்துப் பெறுவது இந்த வெளிப்பாட்டையும் பெயரையுமே.

படைப்புரிம ஒப்பந்தம் பொதுவாக ஆறு வினாக்களுக்கு விடை தருகிறது. எந்த உடைமை? எந்தெந்தக் கருவிகளில்? எந்தெந்த நாடுகளில்? எவ்வளவு காலத்திற்கு? ஒருவருக்கு மட்டுமா, பலருக்குமா? உரிமம் பெற்றவர் அதனை வேறொருவருக்குத் துணை உரிமமாக வழங்கலாமா? இவற்றுக்குப்பின் பணம் பற்றிய பகுதி வரும். முன்பணம் ஒன்று தரப்படும். விற்பனையின் ஒரு விழுக்காடு உரிமத்தொகையாகக் கணக்கிடப்படும். முன்பணம் கழிந்தபின்னரே உரிமத்தொகை கைக்கு வரும். விளையாட்டு வெளிவருமுன் உரிமையாளர் பார்த்து ஒப்புதல் தரும் விதியும், வெளியீட்டாளரின் கணக்கேடுகளைத் தணிக்கை செய்யும் விதியும் உடன் இடம்பெறும்.

இவற்றுள் எந்தக் கருவிகளில் என்னும் வினா ஏனைய ஊடகங்களில் அத்துணை முதன்மை பெறாதது. டெட்ரிஸ் வழக்கு முழுவதும் அந்த ஒரு வினாவைச் சுற்றியே அமைந்தது.

தளவுரிமத்தின் தோற்றம்

தொடக்ககால விளையாட்டுக்கருவிகளுக்குப் பூட்டு இல்லை. 1977இல் வெளிவந்த அட்டாரி 2600 கருவியின் நிரலாளர் சிலர் நிறுவனத்தை விட்டு வெளியேறி, 1979இல் ஆக்டிவிஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, அதே கருவிக்கு விளையாட்டுகளை எழுதி விற்றனர். அட்டாரி வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கு சமரசத்தில் முடிந்தது. கருவியைச் செய்யாதவரும் அதற்குரிய விளையாட்டுகளை வெளியிடலாம் என்னும் வழக்கம் நிலைபெற்றது. தொடர்ந்து பல நிறுவனங்கள் இத்துறையில் இறங்கின. தரம் குன்றிய விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன.

படைப்புரிமம் மட்டுமே ஒரு விளையாட்டைக் காப்பாற்றாது என்பதற்கும் அக்காலம் சான்று தருகிறது. 'ஈ.டி.' திரைப்படத்தை விளையாட்டாக்கும் உரிமத்தை அட்டாரி பெருந்தொகை கொடுத்துப் பெற்றது. 1982ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விற்பனையைக் குறிவைத்து, ஏறத்தாழ 5 வாரங்களில் அவ்விளையாட்டு எழுதி முடிக்கப்பட்டது. விற்காத கேட்ரிட்ஜ்கள், அதாவது விளையாட்டு நிரலைத் தாங்கிய நெகிழிப் பெட்டிகள், 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் பிற விளையாட்டுகளோடு சேர்த்துப் புதைக்கப்பட்டன. 2014இல் அவ்விடம் தோண்டப்பட்டபோது அவை வெளிப்பட்டன. 1983இல் தொடங்கிய வீழ்ச்சியில் வட அமெரிக்க விளையாட்டுக்கருவிச் சந்தை ஏறக்குறைய அழிந்தது.

இவ்வழிவின் பின்னரே ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1985இல் அமெரிக்காவில் தன் கருவியை அறிமுகப்படுத்தியது. ஜப்பானில் 1983 முதல் 'ஃபாமிகாம்' என்னும் பெயரில் விற்பனையான கருவியே மறுவடிவமைக்கப்பட்டு, அமெரிக்காவில் 'நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்று பெயர் பெற்றது. அமெரிக்கக் கருவியில் ஒரு புதுமை இருந்தது. கருவிக்குள் ஒரு சில்லும் கேட்ரிட்ஜுக்குள் ஒரு சில்லும் பொருத்தப்பட்டன. இரண்டும் ஒன்றோடொன்று மறைக்குறிகளைப் பரிமாறிக்கொள்ளும். குறிகள் ஒத்துப்போகாவிடில் கருவி இயங்காது. 10நெஸ் எனப்பட்ட இந்நிரலே தளவுரிமத்தின் பூட்டாயிற்று.

பூட்டைத் திறக்கும் சாவிக்கு நிண்டெண்டோ விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. உரிமம் பெற்ற நிறுவனம் ஓராண்டில் 5 விளையாட்டுகளை மட்டுமே வெளியிடலாம். அவ்விளையாட்டுகளை 2 ஆண்டுகளுக்குப் போட்டிக் கருவிகளில் வெளியிடலாகாது. கேட்ரிட்ஜ்களை நிண்டெண்டோவே உற்பத்தி செய்யும். வெளியீட்டாளர் விலைகொடுத்து வாங்கிக் கடைகளுக்கு விற்க வேண்டும். விற்காமல் தேங்கும் சரக்கின் இழப்பு வெளியீட்டாளரையே சாரும். உள்ளடக்கத்திற்கும் முன்னொப்புதல் தேவை. ஆண்டுக்கு 5 என்னும் வரம்பைக் கடப்பதற்காக ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'அல்ட்ரா கேம்ஸ்' என்னும் பெயரில் அமெரிக்காவில் மற்றொரு வெளியீட்டகத்தையே நிறுவியது என்பது இவ்விதியின் இறுக்கத்தைக் காட்டும்.

படைப்புரிமத்தில் பணம் வெளியீட்டாளரிடமிருந்து படைப்பின் உரிமையாளருக்குச் செல்கிறது. தளவுரிமத்தில் அது வெளியீட்டாளரிடமிருந்து கருவியின் உரிமையாளருக்குச் செல்கிறது. விளையாட்டு வெளியீட்டாளர் இரு திசைகளிலும் செலுத்துபவராகவே நிற்கிறார்.

டெட்ரிஸின் உரிமச் சங்கிலி

மாஸ்கோவில் சோவியத் அறிவியற் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்நோவ் 1984இல் டெட்ரிஸை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய எலெக்ட்ரோனிக்கா 60 கணினிக்குப் படம் வரையும் திறன் இல்லை; ஆகவே அடைப்புக்குறிகளைக் கொண்டே கட்டங்கள் காட்டப்பட்டன. வதிம் கெராசிமோவ் என்னும் மாணவர் பின்னர் அதனை ஐ.பி.எம். கணினியில் இயங்குமாறு மாற்றி எழுதத் துணைநின்றார். நெகிழ்வட்டுகளில் படியெடுக்கப்பட்டு விளையாட்டு நகரெங்கும் பரவியது; எல்லை கடந்து ஹங்கேரியையும் அடைந்தது.

சோவியத் ஆட்சியில் அரசு நிறுவனத்தின் ஊழியர் தம் நிரலைத் தாமே வெளிநாட்டுக்கு விற்க இயலாது. மென்பொருள் ஏற்றுமதிக்கு எலோர்க் என்னும் அரசு வணிக நிறுவனமே பொறுப்பு. பஜித்நோவ் தம் படைப்பின் உரிமையைப் பத்தாண்டுகளுக்குத் தாம் பணியாற்றிய மையத்திற்கு விட்டுக்கொடுத்தார். அதன்பின் நடந்த பேரங்கள் எதிலும் அவர் ஒப்பந்தக்காரர் அல்லர்.

இலண்டனில் ஆண்ட்ரோமீடா சாஃப்ட்வேர் நிறுவனத்தை நடத்திய ராபர்ட் ஸ்டைன் 1986இல் புடாபெஸ்டில் டெட்ரிஸைக் கண்டார். மாஸ்கோவுடன் தொலைவரி வழியே தொடர்புகொண்டார். கிடைத்த விடையை இசைவாகக் கருதி, முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன்பே உரிமத்தை விற்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் மிரர்சாஃப்ட் நிறுவனமும் அமெரிக்காவின் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட் நிறுவனமும் அதனைப் பெற்றன. இரண்டும் செய்தித்தாள் முதலாளி ராபர்ட் மாக்ஸ்வெல்லின் நிறுவனக் குழுமத்தைச் சார்ந்தவை. 1988இல் எலோர்க் ஸ்டைனுடன் எழுத்துவழி ஒப்பந்தம் செய்துகொண்டபோது, மேற்கு நாடுகளின் கடைகளில் டெட்ரிஸ் ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. அவ்வொப்பந்தம் கணினிகளுக்கான உரிமையையே வழங்கியது.

இதன்பின் சங்கிலி கிளைவிட்டது. மிரர்சாஃப்ட், அட்டாரி கேம்ஸ் நிறுவனத்திற்கு உரிமம் வழங்கியது. அட்டாரி கேம்ஸ், பொது இடங்களில் காசிட்டு ஆடும் எந்திரங்களில் ஜப்பானில் வெளியிடும் உரிமத்தை சேகா நிறுவனத்திற்கு வழங்கியது. ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட், ஜப்பானில் இயங்கிய புல்லட்-புரூஃப் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் தலைவர் ஹெங்க் ரோஜர்ஸுக்கு அந்நாட்டுக் கணினி உரிமத்தை விற்றது. ஃபாமிகாம் கருவிக்கான உரிமத்தை ரோஜர்ஸ் அட்டாரி கேம்ஸிடமிருந்து பெற்றார். ஒரே குழுமத்தின் இரு நிறுவனங்கள் தனித்தனியே விற்றதால் உரிமங்களின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன.

தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு வழங்க முடியாது என்பது உரிமச் சட்டத்தின் முதல் நெறி. துணை உரிமச் சங்கிலியில் ஒவ்வொருவரும் தமக்கு முன்னவரின் சொல்லை நம்பியே பணம் செலுத்துகின்றனர். முதற்கண்ணியில் உள்ள குறை கடைசிக்கண்ணி வரை தொடரும். இச்சங்கிலியின் முதற்கண்ணியில் கணினி என்னும் சொல் மட்டுமே இருந்தது. கடைசிக்கண்ணியில் தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுக்கருவிகள் விற்பனையாகிக்கொண்டிருந்தன.

1989: கணினி என்னும் சொல்லின் பொருள்

நிண்டெண்டோ அப்போது 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதற்கு டெட்ரிஸ் ஏற்றது என்று கருதிய ரோஜர்ஸ், கையடக்கக் கருவிக்கான உரிமத்தை நாடி 1989 பிப்ரவரியில் மாஸ்கோவுக்குச் சென்றார். ஸ்டைனும், ராபர்ட் மாக்ஸ்வெல்லின் மகன் கெவின் மாக்ஸ்வெல்லும் அதே நாள்களில் அங்கு வந்திருந்தனர். எலோர்க் சார்பில் மூவரையும் தனித்தனியே சந்தித்தவர் நிக்கொலாய் பெலிக்கோவ்.

தாம் ஜப்பானில் வெளியிட்டிருந்த ஃபாமிகாம் கேட்ரிட்ஜை ரோஜர்ஸ் பெலிக்கோவிடம் காட்டினார். விளையாட்டுக்கருவிக்கான உரிமத்தை எலோர்க் எவருக்குமே வழங்கியதில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. ரோஜர்ஸ் சங்கிலியின் கதையை எடுத்துரைத்து, தம் ஃபாமிகாம் விற்பனைக்குரிய உரிமத்தொகையை நேரடியாகச் செலுத்த முன்வந்தார். கையடக்கக் கருவிக்கான உரிமம் அவருக்குக் கிடைத்தது.

ஸ்டைனிடம் திருத்த ஒப்பந்தம் ஒன்று நீட்டப்பட்டது. தாமதமாகச் செலுத்தும் தொகைக்கான தண்டம் அதில் கடுமையாக இருந்தது. ஸ்டைனின் கவனம் அதிலேயே நின்றது. அதே ஆவணத்தில் கணினி என்பதற்கு ஒரு வரையறை சேர்க்கப்பட்டிருந்தது. செயலி, திரை, வட்டு இயக்கி, விசைப்பலகை, இயங்குதளம் ஆகியவற்றைக் கொண்டதே கணினி என்பது அதன் சாரம். ஸ்டைன் கையெழுத்திட்டார். அச்சிறு வரையறை விளையாட்டுக்கருவிகள் அனைத்தையும் அவருடைய உரிமத்திலிருந்து விலக்கியது. அவர்வழி உரிமம் பெற்ற மிரர்சாஃப்டும் அட்டாரி கேம்ஸும் அதனால் பற்றுக்கோடு இழந்தன.

1989 மார்ச்சில் நிண்டெண்டோ அமெரிக்கக் கிளையின் தலைவர் மினோரு அரக்காவாவும் அதன் சட்டப் பொறுப்பாளர் ஹோவர்ட் லிங்கனும் மாஸ்கோ சென்று, விளையாட்டுக்கருவிகளுக்கான உரிமத்தை நேரடியாகப் பெற்றனர். மாக்ஸ்வெல் சோவியத் அரசின் மேல்மட்டம் வரை முறையிட்டும் பயனில்லை.

பேரத்தில் நிண்டெண்டோவின் நிலை ஏனையோரினும் வலிமையாக இருந்ததற்கு உரிம முறைமையிலேயே காரணம் உண்டு. கருவி அதனுடையது, ஆகவே அதற்குத் தளவுரிமம் தேவையில்லை. படைப்புரிமம் ஒன்று மட்டுமே அதற்கு வேண்டியிருந்தது. மற்ற வெளியீட்டாளர் இருமுறை செலுத்தவேண்டிய இடத்தில் நிண்டெண்டோ ஒருமுறையே செலுத்தியது. எனவே அந்த ஒருமுறையில் கூடுதலாகத் தர அதனால் இயன்றது.

நீதிமன்றத்தில் இரு கேள்விகள்

அட்டாரி கேம்ஸ் 'டெஞ்சன்' என்னும் வெளியீட்டுப் பெயரில் முதலில் நிண்டெண்டோவிடம் தளவுரிமம் பெற்றிருந்தது. அவ்வுரிமத்தின்கீழ்ச் சில விளையாட்டுகளையும் வெளியிட்டது. 1988 இறுதியில் அது நிபந்தனைகளை உதறி, பூட்டைத் தானே திறக்கும் நிரல் ஒன்றைக் கேட்ரிட்ஜில் பொருத்தி, இசைவின்றி விற்கத் தொடங்கியது. நிண்டெண்டோ சந்தையை முற்றுரிமையாக்கிக்கொண்டது என்று வழக்கும் தொடுத்தது. இந்நிலையில் 1989 மே மாதம் டெஞ்சனின் டெட்ரிஸ் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

முதற்கேள்வி படைப்புரிமம் பற்றியது. நிண்டெண்டோவின் கருவி ஒரு கணினியே என்பது அட்டாரி கேம்ஸின் வாதம். ஃபாமிகாம் என்பதே 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்பதன் சுருக்கம் என்றும், ஜப்பானில் அதற்கு விசைப்பலகை போன்ற துணைக்கருவிகள் விற்கப்பட்டன என்றும் அது சுட்டிக்காட்டியது. சொல்லின் அகராதிப் பொருளைக் கொண்டு நோக்கினால் இவ்வாதம் வலுவற்றதன்று. எனினும் ஒப்பந்தம் செய்தோர் அச்சொல்லால் எதனைக் கருதினர் என்பதே நீதிமன்றத்தின் முன் நின்ற வினா. சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி மாவட்ட நீதிமன்ற நீதிபதி ஃபெர்ன் ஸ்மித் 1989 ஜூனில் நிண்டெண்டோவின் பக்கம் இடைக்காலத் தடை ஆணை பிறப்பித்தார். டெஞ்சனின் டெட்ரிஸ் சந்தைக்கு வந்த சில வாரங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

இரண்டாம் கேள்வி தளவுரிமத்தின் பூட்டு பற்றியது. கருவியை வாங்கியவர் அதில் தாம் விரும்பும் நிரலை இயக்கலாகாதா? பூட்டின் செயல்முறையை ஆராய்ந்து அறிவது குற்றமா? 1992 செப்டம்பரில் கூட்டாட்சிச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் நுட்பமான விடையொன்றைத் தந்தது. முறையாகத் தன் கைக்கு வந்த பொருளைப் பிரித்து ஆராய்ந்து, அதிலுள்ள கருத்துகளை அறிவது நியாயமான பயன்பாடாகலாம் என்று அது ஏற்றது. ஆனால் அட்டாரி கேம்ஸின் வழக்கறிஞர்கள் 10நெஸ் நிரலின் படியைப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து பெற்றபோது, தாம் ஒரு வழக்கில் எதிர்வாதியாக இருப்பதாகப் பொய்யான கூற்றை அளித்திருந்தனர். முறையற்ற வழியில் கிடைத்த படியை அடிப்படையாகக் கொண்டவருக்கு அப்பாதுகாப்பு இல்லை என்று நீதிமன்றம் கூறி, அந்நிறுவனத்திற்கு எதிரான தடையை உறுதிசெய்தது.

அடுத்த மாதமே ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சேகாவுக்கும் அக்கோலேடுக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பளித்தது. அக்கோலேடு நிறுவனம் கடையில் வாங்கிய சேகாவின் கேட்ரிட்ஜ்களைப் பிரித்து ஆராய்ந்து, அக்கருவியில் இயங்கும் விளையாட்டுகளைச் சொந்தமாக எழுதியிருந்தது. பதிப்புரிமை காவாத செயற்கூறுகளை அறிய வேறு வழியில்லாதபோது இவ்வாறு ஆராய்தல் நியாயமான பயன்பாடே என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. ஆயினும் அடுத்த ஆண்டு இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டபோது, அக்கோலேடு சேகாவின் முறையான உரிமதாரராயிற்று. சட்டத்தில் வென்ற வெளியீட்டாளரும் தளவுரிமத்தை ஏற்றது எண்ணத்தக்கது. பூட்டைத் திறக்கும் உரிமை ஒருவருக்கு இருக்கலாம். கருவியின் உரிமையாளரது தொழில்நுட்ப உதவியும் விற்பனை வழியும் உரிமத்தோடு மட்டுமே வந்தன.

இன்றைய நடைமுறை

கேட்ரிட்ஜ் மறைந்து இணையவழிக் கடை வந்தபின்னும் இரு உரிமங்களும் நீடிக்கின்றன. இன்று தளவுரிமம் என்பது கடை ஒப்பந்தத்தின் வடிவில் வருகிறது. விளையாட்டுக்கருவிக்கு வெளியிட விரும்புவோர் கருவி நிறுவனத்திடம் பதிவுசெய்து, மறைகாப்பு உறுதி அளித்து, உருவாக்குநருக்கான தனிக்கருவியைப் பெற்று, முடிந்த விளையாட்டைத் தரத்தேர்வுக்கு உட்படுத்துகின்றனர். 2008இல் ஆப்பிள் தன் கைபேசிச் செயலிக் கடையைத் தொடங்கியபோது விற்பனையில் 30 விழுக்காட்டைத் தன் பங்காக வைத்தது. இவ்விழுக்காடு பற்றிய பூசலே 2020இல் எபிக் கேம்ஸ் ஆப்பிள்மீது தொடுத்த வழக்காக வெடித்தது. 2021 செப்டம்பரில் வந்த தீர்ப்பு பெரும்பாலும் ஆப்பிளுக்குச் சார்பாக அமைந்தது. எனினும் வேறு கட்டண வழிகள் இருப்பதைப் பயனர்க்கு அறிவிப்பதைத் தடுக்கலாகாது என்று ஆணையிட்டது. 1988இல் அட்டாரி கேம்ஸ் எழுப்பிய குறை இன்னும் தீர்ந்தபாடில்லை.

படைப்புரிமத்தின் கால வரம்பும் இன்று வாங்குவோரை நேரடியாகத் தாக்குகிறது. கைபேசிக்கான டெட்ரிஸை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் உரிமத்தின்கீழ் நடத்திவந்தது. 2020 ஏப்ரல் 21உடன் அச்சேவை நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே பதிவிறக்கி வைத்திருந்தோரும் அதன்பின் அதனை ஆட இயலவில்லை. 'ஆலன் வேக்' என்னும் விளையாட்டு, அதில் பயன்பட்ட பாடல்களின் உரிமம் முடிந்ததால் 2017 மே மாதம் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டு, உரிமம் புதுப்பிக்கப்பட்டபின் 2018இல் திரும்பியது. கேட்ரிட்ஜ் வாங்கியவரின் வீட்டிலிருந்து அதனை எவரும் திரும்ப எடுத்துச்சென்றதில்லை. இணையவழியில் வாங்கியவரிடம் இருப்பதோ உரிமத்தின் நிழல் மட்டுமே.

ஒரே விளையாட்டுக்குள் பல படைப்புரிமங்கள் அடங்குவதும் இயல்பாகிவிட்டது. 1993 முதல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட கால்பந்து விளையாட்டுகளில் 'ஃபிஃபா' என்னும் பெயருக்கு ஓர் உரிமம். வீரர்களின் பெயர்களுக்கும் கழகங்களுக்கும் வெவ்வேறு உரிமங்கள். இத்தாலியின் யுவென்டஸ் கழகம் கொனாமிக்குத் தனியுரிமம் அளித்தபோது, ஃபிஃபா 20 விளையாட்டில் அக்கழகம் 'பியமோன்டே கால்சியோ' என்னும் கற்பனைப் பெயரில் தோன்றியது. 2023இல் ஃபிஃபா என்னும் பெயர் நீங்கியது. வீரர்களும் பெரும்பாலான கழகங்களும் தொடர்ந்தனர். பெயரும் உள்ளடக்கமும் வெவ்வேறு உடைமைகள் என்பதை இது மெய்ப்பிக்கிறது.

ஊடக வரையறையின் ஆற்றல் இன்றும் குறையவில்லை. 1997இல் நிண்டெண்டோ 64 கருவிக்கு வெளிவந்த 'கோல்டன்ஐ 007' விளையாட்டை ரேர் நிறுவனம் உருவாக்கியது. ஜேம்ஸ் பாண்ட் படங்களின் உரிமை வேறிடத்தில் இருந்தது. ரேர் நிறுவனமோ 2002இல் நிண்டெண்டோவின் போட்டியாளரான மைக்ரோசாஃப்டின் உடைமையாயிற்று. 2023 ஜனவரியில் அவ்விளையாட்டு இருவர் கருவிகளிலும் மீண்டும் வெளிவந்தபோது, இணையவழிக் கூட்டாட்டம் நிண்டெண்டோவின் கருவியில் மட்டும் இடம்பெற்றது. ஒரே படைப்பு இரு கருவிகளில் இருவேறு வடிவங்களில் இயங்குகிறது.

முடிவுரை

டெட்ரிஸின் உரிம வரலாறு மூன்று முடிபுகளுக்கு இட்டுச்செல்கிறது. முதலாவது, படைப்புரிமமும் தளவுரிமமும் தனித்தனியானவை. இரண்டையும் தன்வயப்படுத்திய நிறுவனம் பேரத்தில் மேலோங்குகிறது. இரண்டாவது, உரிமத்தின் மதிப்பு படைப்பின் புகழால் மட்டும் அமைவதன்று. கருவி, காலம், துணை உரிமம் பற்றிய சில சொற்களால் அமைவது. புதிய கருவிகள் தோன்றுந்தோறும் பழைய ஒப்பந்தங்களின் சொற்கள் மீண்டும் சோதனைக்கு உள்ளாகின்றன. மூன்றாவது, அச்சொற்களை எழுதும் மேசையில் இருப்பவர் பெரும்பாலும் படைப்பாளி அல்லர்.

கேம் பாய் கருவிக்கான டெட்ரிஸ் 3.5 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. அவ்விற்பனையிலிருந்து பஜித்நோவுக்கு உரிமத்தொகை கிடைக்கவில்லை. 1991இல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 1996இல் உரிமை அவரிடம் மீண்டபோது, ரோஜர்ஸுடன் இணைந்து டெட்ரிஸ் நிறுவனத்தை நிறுவி, அதன்பின்னரே உரிமத்தொகை பெறலானார். 2012ஆம் ஆண்டின் மினோ வழக்கில் டெட்ரிஸின் வெளிப்பாட்டைக் காக்க நீதிமன்றம் சென்றது அவ்வழி உருவான உரிமை அமைப்பே. விளையாட்டு ஆய்வில் ஈடுபடுவோர் படைப்பின் அழகியலையும் ஆடுவோரின் அனுபவத்தையும் ஆராய்வதோடு, அப்படைப்பு எந்தச் சொற்களின் கீழ் வெளிவந்தது என்பதையும் ஆராய வேண்டும். ஒரு விளையாட்டு எந்தக் கருவியில், எந்த வடிவில், எத்தனை காலம் ஆடுவோரின் கையில் இருக்கும் என்பதை அச்சொற்களே முடிவு செய்கின்றன.